வெள்ளைத் தாளில் நீலம்

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க பார்ப்போம்" என்று தலைமையாசிரியை சுருளைப் பிரித்து ஆய்வக மேசைமேல் விரித்தார்.

வால் குனிந்து பார்த்தான். தலையைச் சாய்த்துப் பார்த்தான். மேசை நீளத்துக்குக் கிடந்த அந்த வெள்ளைத் தாளில் ஒரு புள்ளிகூட இல்லை.

"என் பத்தாங்கிளாஸ் கணக்குப் பேப்பரை எங்கேயோ தொலைச்சிட்டேன்னு நினைச்சேன் மேடம். இங்கதான் இருக்கா?"

தலைமையாசிரியை சிரிக்கவில்லை. இருபது வருடம் சரித்திரம் நடத்தியவருக்கு வாலைப் போல எத்தனையோ பேரைப் பார்த்த பழக்கம்.

வால் என்பது வீட்டில் வைத்த பெயர் அல்ல. நாற்பது வயதிலும் அக்காவின் பின்னாலேயே ஸ்கூட்டரும் கையுமாகத் திரிவதால் ஒட்டிக்கொண்டது. அக்காவுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, இன்சூரன்ஸ். எரிந்துபோனதாகச் சொன்ன கடைகளையும் திருட்டுப்போனதாகச் சொன்ன நகைகளையும் கம்பெனிக்காகத் தேடித் தேடியே தலை நரைத்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். பேச்சு குறைவு. அந்தக் குறையை வால் நிறைவாகத் தீர்த்துவைத்துவிடுவான்.

"முதல்லேர்ந்து சொல்லுங்க மேடம்" என்றாள் அக்கா.

"வியாழக்கிழமை வேதியியல் சாரோட மேஜிக் வகுப்பு. தண்ணியைப் பாலாக்குவார், பாலைத் திரும்பத் தண்ணியாக்குவார். கடைசியில வெறும் தாள்ல தண்ணி தெளிப்பார். 'நன்றி, வணக்கம்'னு ரோஸ் கலர்ல எழுத்து வரும். எட்டு மாசம் கழிச்சு அன்னிக்குத்தான் மறுபடி மேடை ஏறினார். இருநூறு பிள்ளைங்க உக்காந்திருக்கு. சார் தெளிச்சதும் நீலமா எழுத்து வந்தது." அவர் நிறுத்தினார். "'அப்பா, நான் வந்துட்டேன்'னு."

வால் தயாராக வைத்திருந்த நக்கலை விழுங்கிக்கொண்டான். சாருக்கு ஒரே பெண். இதே பள்ளியில் எட்டாம் வகுப்பு படித்தவள், எட்டு மாதத்துக்கு முன்னால் மூன்று நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். கேஸைக் கொடுத்ததே அந்தப் பெண்ணின் அம்மாதான். கடைத்தெருவில் தையல் கடை வைத்திருப்பவர். "அந்த ஆளை என் முன்னாடி நிறுத்துங்க. எதுக்குடா பண்ணேன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்" என்று காலையில் சொன்னபோது, கையிலிருந்த கத்தரிக்கோலை அவர் கீழே வைக்கவே இல்லை.

"சார் அப்ப என்ன பண்ணார்?"

"பாட்டில் கை நழுவிடுச்சு. ரெண்டு கையாலயும் வாயையும் மூக்கையும் பொத்திக்கிட்டார். எழுத்து மறையற வரைக்கும் அசையல. அப்புறம் அப்படியே தரையில உக்காந்துட்டார். பயந்துட்டார், பாவம்."

"பயந்தவங்க பின்னாடி போவாங்க. இவர் எங்கே நின்னார்?"

தலைமையாசிரியை யோசித்தார். "தாளுக்குக் கிட்டே. மூக்கு இடிக்கற மாதிரி." அதில் என்ன இருக்கிறது என்பதைப் போல அவரே தொடர்ந்தார். "அதுலேர்ந்து வீட்டுல ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இருக்காராம். அந்தத் தாளை மட்டும் கேட்டு அனுப்பினார். கிழிச்சுப் போடத்தான் கேக்கறார்னு நான் குடுக்கல. தாள், மருந்து, சாவி எல்லாம் இவர் பொறுப்பு. நாலு மணிக்குக் கமிட்டி. அதுக்குள்ள வேற ஆளை நீங்க காட்டலைன்னா இவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான்."

இவர் என்று அவர் கை காட்டிய இடத்தில், தொட்டியோரம், ஆய்வக உதவியாளர் ஒரு கண்ணாடிக் குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே பளபளவென்று இருந்த குழாய். ஐம்பதைத் தாண்டிய மனிதர். பள்ளிக்கூடம் முழுக்க அவருக்கு லேப் அண்ணன் என்று பெயர். தன் வேலை போகிற பேச்சு காதில் விழுந்தும் அவர் நிமிரவில்லை.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டேகால்.

தலைமையாசிரியை போனதும் அக்கா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அண்ணே, எனக்கும் அந்த மேஜிக்கைப் பண்ணிக் காட்டுங்க."

லேப் அண்ணன் மறுபேச்சு பேசாமல் அலமாரித் தட்டில் இருந்த கட்டிலிருந்து ஒரு தாளை உருவிக் கரும்பலகையில் மாட்டினார். சலூனில் தலை நனைக்கிற மாதிரி ஒரு பாட்டிலை எடுத்துத் தெளித்தார். வெறும் தாளில் 'நன்றி, வணக்கம்' ரோஸ் நிறத்தில் மெல்ல எழுந்து வந்தது. விஷயம் தெரிந்தும் வாலுக்கு உடம்பு சிலிர்த்தது.

"சார் இதோட விட மாட்டார்" என்றார் லேப் அண்ணன். "'மந்திரம் முடிஞ்சுது, இனி காரணம்'னு ஆரம்பிச்சிடுவார். எழுதினது பினாப்தலீன். காஞ்சா கண்ணுக்குத் தெரியாது. தெளிச்சது தெளிஞ்ச சுண்ணாம்புத் தண்ணி. அது பட்டா ரோஸ் ஆகும். கொஞ்ச நேரத்துல தானே போயிடும். காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைடு சுண்ணாம்பைக் கொன்னுடும். நம்ம மூச்சுல அது இன்னும் அதிகம். கிட்டே போய் ஊதுங்க."

வால் கன்னத்தை உப்பி 'வணக்க'த்தின் மேல் ஊதினான். ஊதிய இடம் மற்றதற்கு முன்னால் வெளிறி மறைந்தது.

"பிள்ளைங்களை வரிசையா வந்து ஊதச் சொல்வார். தன் மூச்சுல என்ன இருக்குன்னு அதுங்களே கண்டுபிடிக்கும். அந்தப் பாடத்தை அப்புறம் ஒருத்தரும் மறந்ததில்ல." சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சின்னப் பெருமை வந்து உடனே போய்விட்டது.

"எழுதின தாளும் எழுதாத தாளும் ஒரே மாதிரி இருக்கே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வலது மேல் மூலையில குண்டூசி ஓட்டை இருந்தா எழுதினது."

"இந்த அடையாளம் யார் யாருக்குத் தெரியும்?"

"மூணு பேருக்கு." குழாயைத் துடைத்த துணி நின்றது. "ரெண்டு. சாருக்கும் எனக்கும்."

"நல்லவேளை, நீங்க கணக்கு வாத்தியார் இல்ல" என்றான் வால். ஆனால் அக்காவின் புருவம் உயர்ந்ததையும் அவன் பார்த்துவிட்டான்.

அக்கா இரண்டு தாள்களின் மூலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். புதுத் தாளின் ஓட்டை சுத்தமாக இருந்தது. வியாழக்கிழமைத் தாளின் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம்.

"துரு" என்றாள். "குத்தின ஊசியை எடுக்காம ஒரு மழைக்காலம் பூரா விட்டிருக்காங்க. வியாழக்கிழமைக்காக அவசரமா எழுதின தாள் இல்ல இது. அப்புறம் அண்ணே, உங்க எழுத்து ரோஸ். அன்னிக்கு வந்தது நீலம். நீலத்துக்கு என்ன மருந்து?"

"அது வேற மருந்து. பேரு என் வாயில நுழையாது. இப்ப ஸ்டாக் இல்ல."

"எப்ப தீர்ந்துது?"

லேப் அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்தார். ஜன்னல் கட்டையில் ஒரு காலிப் பாட்டிலில் பெயின்ட் பிரஷ்கள் செருகியிருந்தன. அதன் லேபிளில் இருந்த பெயர் வாலின் வாயிலும் நுழையவில்லை. அவற்றில் ஒரு பிரஷ்ஷின் காம்பில் மட்டும் ரப்பர் பேண்ட் சுற்றி, பேண்டுக்குள் ஒரு சின்ன ஸ்டிக்கர் பூ செருகியிருந்தது. ஐம்பது வயது ஆணின் பிரஷ் மாதிரி அது தெரியவில்லை.

அக்கா அதற்குள் கண்ணை மூடிக்கொண்டு தாளின்மேல் விரல்களை ஓட்டிக்கொண்டிருந்தாள். பாதி வரை வந்ததும் விரல்கள் நின்றன. திரும்ப மேலே போயின. மறுபடி கீழே.

"தம்பி, நீ தொட்டுப் பாரு."

வால் தொட்டுப் பார்த்தான். மேல்பாதி மாவு தூவின மாதிரி சொரசொரத்தது. கீழ்ப்பாதி வழவழவென்று இருந்தது.

"சுண்ணாம்பு காஞ்ச சொரசொரப்பு. முதல் வரி வந்ததுமே சாரோட பாட்டில் விழுந்துடுச்சு. கீழ்ப்பாதி நனையவே இல்ல."

"அப்ப இன்னும் எழுத்து பாக்கி இருக்குமா?" வாலுக்குச் சுறுசுறுப்பு வந்துவிட்டது. "அக்கா, கேஸ் அரை நிமிஷத்துல முடிஞ்சுது. எழுதின புண்ணியவான் கையெழுத்தே போட்டு வெச்சிருக்கலாம்." தெளிக்கும் பாட்டிலை எடுத்தேவிட்டான்.

லேப் அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வயதுக்கு மீறிய பிடி.

"வேணாம் சார். அது நமக்கு எழுதினது இல்ல."

வால் பாட்டிலை மெல்ல மேசைமேல் வைத்தான்.

"மூணாவது ஆள் யாருன்னு நீங்களே சொல்லிடுங்கண்ணே" என்றாள் அக்கா, மெதுவாக.

அவர் மணிக்கட்டை விட்டார். முக்காலியைத் தேடி உட்கார்ந்தார். "பாப்பாதான்" என்றார். "தினமும் மணி அடிச்சதும் இங்கேதான் வருவா. அந்த வெள்ளிக்கிழமை, 'அங்கிள், ரோஸ் போர் அடிக்குது, நீலம் குடுங்க'ன்னா. பாட்டில் அடியில ஒட்டியிருந்ததை வழிச்சுக் குடுத்தேன். 'திங்கக்கிழமை மேஜிக்ல அப்பாவுக்கே தெரியாம ஒரு மேஜிக்'னு சொல்லிட்டு அந்தப் பக்கம் திரும்பி எழுதினா. என்னையும் பாக்க விடல. சனிக்கிழமை காய்ச்சல். திங்கக்கிழமை மேஜிக் நடக்கல. செவ்வாய்க்கிழமை..." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தாளை எங்க வெச்சான்னு எனக்குத் தெரியாது. கட்டோட அடியில ஒளிச்சிருக்கா. லீவுல வெள்ளை அடிக்க அலமாரியைக் காலி பண்ணினேன். திரும்ப வைக்கறப்ப கட்டைத் தலைகீழா வெச்சிருக்கேன். வியாழக்கிழமை மேல இருந்த தாள்ல ஊசியே குத்தியிருந்துது. நானே பிடுங்கிப் போட்டுட்டு மாட்டினேன். என் கையாலதான் சார் மாட்டினேன்."

"இதை அன்னிக்கே சொல்லியிருந்தா உங்க வேலைக்கு ஆபத்தே இல்லையே" என்றான் வால்.

"பாப்பாவோட அம்மா இப்ப கோபமா இருக்காங்க. எட்டு மாசமா படுத்த படுக்கையா கிடந்தவங்க, கோபம் வந்ததும் எழுந்து குளிச்சு, கடையைத் திறந்து, உங்க வரைக்கும் வந்துட்டாங்க. எவனோ ஒருத்தன் மேல கோபம் இருக்கற வரைக்கும் நடமாடுவாங்க. உங்க பொண்ணுதான் எழுதினான்னு சொன்னா மறுபடி விழுந்துடுவாங்க. என் வேலை போனா போகுது சார்."

வால் எத்தனையோ குற்றவாளிகள் பொய் சொல்லிப் பார்த்திருக்கிறான். குற்றமே செய்யாத ஒரு மனிதர் இப்படி வரிந்துகட்டிக்கொண்டு மாட்டிக்கொள்வதைப் பார்த்ததில்லை. ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கலாமா என்று தேடினான். ஒன்றும் அகப்படவில்லை.

மூன்று மணிக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டே இருந்தது. உள்ளே வந்ததும் லேப் அண்ணனைப் பார்த்த பார்வையில் வால் ஓரடி தள்ளி நின்றுகொண்டான்.

"இவர்தானா?"

"இல்லம்மா. உக்காருங்க."

அக்காவுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. துரு, நீலம், மூன்றாவது ஆள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். ஸ்டிக்கர் பூ செருகிய பிரஷ்ஷை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். அம்மா பிரஷ்ஷைத் தொடவில்லை. கழுத்திலிருந்த நாடாவை உருவி, விரலில் இறுக்கிச் சுற்றி, சுற்றினதைப் பிரித்து, மறுபடி சுற்றினார்.

"எவனோ ஒருத்தன் இருக்கான்னு நினைச்சேன்" என்றார். "நாலு நாளா அவன் முகத்தைக் கற்பனை பண்ணிப் பண்ணி வெச்சிருந்தேன். இப்ப அதுவும் இல்லாமப் போச்சே."

லேப் அண்ணன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அவருக்கு இது தெரியுமா?"

"பார்த்த நிமிஷமே தெரிஞ்சிருக்கு" என்றாள் அக்கா. "அவர் பயத்துல வாயைப் பொத்தலம்மா. மூச்சுப் பட்டா எழுத்து சீக்கிரம் போயிடும்னு இருநூறு பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்தவர் அவர். பொண்ணு எழுதினதைக் கிட்டே போய்ப் பாக்கணும், தன் மூச்சும் அதுல படக்கூடாது. அதுக்குத்தான் பொத்திக்கிட்டார்."

அம்மாவின் முகம் கோணியது. அழுகை வரும் என்று வால் நினைத்தான். வரவில்லை. அதைப் பார்ப்பதைவிட அழுதிருந்தால் தேவலை என்று அவனுக்குத் தோன்றியது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். "ஒரு கதவுக்கு இந்தப் பக்கம்தானே இருக்கேன்."

"நீங்க எதுக்குன்னு ஒரே ஒரு கேள்வி கேக்கணும்னு சொன்னீங்க. பதில் கீழ்ப்பாதியில இருக்கு. நாங்க இன்னும் பாக்கல."

அம்மா தாளைப் பார்த்தார். கையை நீட்டி, தொடுமுன் இழுத்துக்கொண்டார். "அவரைக் கூட்டிட்டு வாங்க."

வால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தான். வீடு நாலு தெரு தள்ளி. கதவைத் தட்டும்போது என்ன சொல்வதென்று ஒரு பாரம் பேச்சு தயார் செய்து வைத்திருந்தான். சார் கதவைத் திறந்ததும் அத்தனையும் மறந்துபோனது. நாலு நாள் தாடி, கசங்கிய பனியன், எங்கோ பார்க்கிற கண்.

"சார், கீழ்ப்பாதி இன்னும் நனையல" என்று மட்டும் சொன்னான்.

சார் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பொத்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று போட்டிருந்தன.

வழியில் அவரே பேசினார். ஸ்கூட்டர் இரைச்சலில் பாதிதான் காதில் விழுந்தது, ஆனால் அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

"அந்த வெள்ளிக்கிழமை சாயந்தரம் பாப்பா லேப்லேர்ந்து கூப்பிட்டா. 'அப்பா, ஒரு நிமிஷம் வாங்க, மேடையில எங்க நிப்பீங்கன்னு காட்டுங்க'ன்னா. பேப்பர் திருத்திட்டு இருந்தேன். திங்கக்கிழமை பாத்துக்கலாம்னு சொல்லிட்டேன்."

வால் வேகத்தைக் குறைத்தான். "வீட்டுல சொல்லியிருக்கலாமே சார்."

"சொன்னா இதையும் சொல்லணுமே."

கொஞ்ச தூரம் போனதும் வால் சொன்னான். "லேப் அண்ணனை வேலையை விட்டு எடுக்கறாங்க. நாலு மணிக்கு."

பின்னாலிருந்த கை அவன் தோளை இறுக்கியது. "அவரை எதுக்கு?" அந்த மனிதருக்கு உண்மையிலேயே தெரிந்திருக்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவருக்கு வெளியே நடப்பது எப்படித் தெரியும்.

ஆய்வகத்தில் தாளைக் கரும்பலகையில் மாட்டி வைத்திருந்தார்கள். தலைமையாசிரியையும் வந்து கதவோரம் நின்றிருந்தார். கமிட்டிக்கான கடிதம் அவர் கையில் நாலாக மடிந்திருந்தது. சார் நேரே லேப் அண்ணனிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு மனைவியின் முன்னால் வந்து நின்றார்.

"அன்னிக்கு அவ கூப்பிட்டா. நான் போகல" என்றார்.

அம்மா அவர் சட்டையில் மாறிப்போன பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார்.

"நான் உங்க மேஜிக்கை ஒரு தடவைகூடப் பாத்ததில்ல. எப்பவும் கடை, கடைன்னு" என்றார். "இன்னிக்குப் பாக்கறேன். பண்ணுங்க."

சார் பாட்டிலைக் கையில் எடுத்தார். அம்மா பக்கத்தில் போய் அடிக்கையைத் தாங்கிக்கொண்டார். பழக்கதோஷத்தில் சாரின் வாய் முணுமுணுத்தது, வெறும் இருக்கைகளைப் பார்த்து. "எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கங்க."

ஐந்து பேர் மூச்சைப் பிடித்தார்கள். சார் மேலிருந்து கீழே, ஒரு மூலை விடாமல் தெளித்தார்.

முதலில் மேல் வரி திரும்ப வந்தது. அப்பா, நான் வந்துட்டேன். பிறகு அதன் கீழே, இதுவரை யாரும் பார்க்காத நீலம் ஒவ்வொரு எழுத்தாக எழுந்தது. 'இனிமே மேஜிக்குக்கு நான்தான் துணை.' அதற்கும் கீழே இடம் பற்றாமல், எழுத்து சின்னதாகிச் சின்னதாகி, ஓரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு, 'எல்லாரும் எங்க அப்பாவுக்குக் கைதட்டுங்க.'

சார் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். விரல் இடுக்கில் கண்ணீர் இறங்கியது. எழுத்தின் ஓரங்கள் வெளிற ஆரம்பித்தன.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. அம்மாதான். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கன்னம் நனைய நனையக் கைதட்டிக்கொண்டிருந்தார். லேப் அண்ணனும் தட்டினார். கதவோரத்தில் தலைமையாசிரியை கடிதத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். அக்கா தட்டினாள்.

வாலும் தட்டினான். அதற்குமேல் மூச்சு தாங்கவில்லை. இன்னும் மங்கலாக ஒரு வரி நீலம் மிச்சம் இருந்தது. அவன் ஜன்னல் பக்கம் முழுக்கத் திரும்பிக்கொண்டு, தாளுக்கு முதுகைக் காட்டித்தான் மூச்சை விட்டான்.